ஏழாவது நீலம்

என் கணவர் நாகமுத்து தன் பொருளைப் போலி என்று சொல்லி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் மகன் தினேஷ்வரனுக்கு நிச்சயதார்த்தம் நடந்த ஞாயிற்றுக்கிழமை அது. மற்ற நாட்களில் அவர் வாங்கிவந்த வாழைப்பழம்கூட அசல், வேறு யாருக்கும் கிடைக்காதது. அவர் போய் இந்தத் தைப்பூசத்தோடு ஒரு வருடம் முடிந்தது. ஆனாலும் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஞாயிறு காலைவரை நாங்கள் இருவரும் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மூச்சு வாங்குகிறது. ஏதாவது விட்டுப்போவதற்குள் எழுதிவைக்கிறேன்.

அவருக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. முப்பது வருடம் மலாக்கா டவுனின் பழைய தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவர். கம்பிக்கதவைத் திறந்துவிடும் பெண்களின் முகத்தைப் பார்க்கமாட்டாராம், விரலைத்தான் பார்ப்பாராம். என்னிடம் அப்படித்தான் சத்தியம் செய்வார். சீனப் பாட்டிமார்களும் போர்த்துகீசிய வம்சத்து அம்மாக்களும் போட்டிருந்த பழைய வைர மோதிரங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. நூலகத்திலிருந்து தடித்தடியான படப் புத்தகங்களைத் தூக்கிவந்து படித்தார். மீட்டர் எண் எழுதும் நோட்டின் பின்பக்கங்களில் மோதிரங்களை வரைந்துவைத்தார். ஒன்றுகூட வாங்கியதில்லை.

நான் பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி கம்ப்யூட்டர் சில்லில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒட்டாததைச் சிவப்பு மையால் குறித்துத் தள்ளிவிட வேண்டும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே பொடிப் பொருளைப் பார்த்துச் சோறு தின்றவர்கள் என்று அவர் சிரிப்பார்.

தினேஷ் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவன் விரும்பிய திலகா மெர்லிமாவ் ஊர்ப் பெண், டவுனில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. நிச்சயத்துக்கு மோதிரம் எடுக்க வேண்டும் என்றதும் இவர் அவளை நேராக ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழம்பொருள் கடைக்குக் கூட்டிப்போனார். நான்கு வருடமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்துக்கொண்டிருந்த கடை. நானும் போனேன்.

கடைக்கார அம்மாள் கறுப்புத் துணியில் மூன்று மோதிரங்களை எடுத்துவைத்தார். இவர் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். முதலாவது விக்டோரியா மகாராணி காலத்தது. மஞ்சள் தங்கம், நடுவில் ஒரு வைரம், சுற்றி எட்டு வைரம், பூ மாதிரி. அந்தக் காலத்து மோதிரம் என்றால் பூ, பாம்பு, இதயம் என்று ஏதாவது ஓர் உருவம் இருக்கும் என்றார். இரண்டாவது அவர் மகன் எட்வர்டு ஆண்ட காலத்தது. பிளாட்டினத்தில் சரிகைப் பின்னல் மாதிரி வேலை, ஓரமெல்லாம் கடுகைவிடச் சிறிய மணிகள். மூன்றாவது அதற்கும் பிந்தியது, ஆர்ட் டெக்கோ என்பார்கள், இன்றைக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. பூவும் இல்லை, பின்னலும் இல்லை. நடுவில் ஒரு வட்ட வைரம். அதைச் சுற்றி வளையமாகப் பதினாறு நீலக் கற்கள், இடைவெளியே தெரியாமல் ஒவ்வொன்றையும் அளவெடுத்து வெட்டி அடுக்கியது. விரல் வளையத்தோடு சேரும் இரண்டு தோள்களிலும் படிப்படியாக இறங்கும் நேர்கோடுகள்.

திலகா மூன்றாவதை எடுத்தாள். அதற்குப் பிறகு மற்ற இரண்டையும் அவள் பார்க்கவே இல்லை.

"அங்கல், இது நம்ம டவுன் கடைவீட்டு நெத்தி மாதிரியே இருக்கு லா," என்றாள். "மேல படி படியா ஏறி, நடுவுல வருஷம் போட்டிருப்பாங்களே, அதை நான் தினம் வரையுறேன்."

இவருக்கு நிலைகொள்ளவில்லை. வைரத்தை நேராக வைத்துப் பார்க்கச் சொன்னார். நடுவில் ஒரு குட்டி வட்டம் தெரியும், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல. பழைய வெட்டில் கல்லின் அடிமுனையைக் கூராக விடாமல் மழுக்கிவிடுவார்கள். இந்தக் காலத்து மெஷின் வெட்டில் அது கிடையாது. அதனால்தான் இது கடை விளக்குக்குப் பளீரென்று கண்ணைக் குத்தாமல் உள்ளிருந்து துண்டு துண்டாக மின்னுகிறது என்றார். திலகா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைக்கார அம்மாள் நீலக் கற்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். பழைய மோதிரம், நல்ல வைரம், நீலக் கல் என்று மட்டும்தான் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் தட்டு வரிசையைப் பேசி முடிக்க மெர்லிமாவ் போனோம். திலகாவின் அம்மா ராஜம்மா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தவர். அவர் கணவர் சுப்பன் திலகாவுக்கு ஆறு வயதாகும்போது மோட்டார் விபத்தில் போய்விட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

பதினொரு தட்டு என்று பேசி முடித்தோம். தேத்தண்ணீர் வந்தது. இவர் சும்மா இருந்திருக்கலாம். சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, நடுவில் பழைய வெட்டு வைரம், பிளாட்டினம், நூறு வயசு என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"சுத்தி இருக்கறது பதினாறும் அசல் நீலம், சம்பந்தி. இந்தக் காலத்துல யாரு போடுவா?"

ராஜம்மா கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மேசைமேல் வைத்தார். டப்பாவைத் தொடாமல், அதை மூடிவிடச் சொல்லி என்னிடம் கைகாட்டினார்.

அப்போதுதான் சொன்னார். சுப்பனுக்குத் தொழிலில் தடங்கல் வந்துகொண்டே இருந்ததாம். ஒரு ஜோசியர் நீலம் போடச் சொன்னாராம். மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார், கெட்ட கனவு ஒன்றும் வரவில்லை, விரலில் போட்டுக்கொண்டார். நாற்பதாவது நாள் தோட்டத்து வளைவில் லாரி. ஆஸ்பத்திரியில் பொட்டலம் கட்டிக் கொடுத்த சாமான்களில் அந்த மோதிரம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்ததாம். அதைக் கடலில் வீசிவிட்டு வந்தவர் ராஜம்மா.

"சனி பகவான் கல்லு அது. ஜாதகம் பாக்காம என் பிள்ள விரல்ல ஏத்த மாட்டேன். கோவிச்சுக்காதீங்க, புதுசா நைன் ஒன் சிக்ஸ் தங்கத்துல ஒண்ணு எடுத்துருங்க."

கோபம் எதுவும் இல்லை அவர் குரலில். பயம்தான் இருந்தது. நாங்கள் காடியில் ஏறி இவர் என்ஜினைக் கிளப்பும்போது திலகா வாசல்வரை வந்தாள். அம்மா சொல்வதுபோலப் புது மோதிரமே இருக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டுக் காடிக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கு அதுதான் ஆசை ஆன்ட்டி. ஆனா அம்மா பயந்துக்கிட்டே பாக்குற மோதிரம் வேணாம். அம்மா பயப்படாம பாக்கணும். அது நடக்குமான்னு பாருங்க, இல்லன்னா விட்ருங்க."

மெர்லிமாவிலிருந்து வீடுவரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வீட்டுக்குள் வந்ததும் தாவூது பாய்க்கு ஃபோன் போட்டார். தாவூது பாய் டவுனில் கல் வியாபாரி. கீழக்கரையிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். இவர் மீட்டர் பார்க்கப் போன காலத்திலிருந்து சிநேகம். நீலத்துக்குப் பரிகாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டார். பாய், மோதிரம் எந்தக் காலத்தது என்று கேட்டார். ஆர்ட் டெக்கோ என்று இவர் சொன்னதும் மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

அந்தக் காலத்து மோதிரங்களில் இப்படி ஒரே நிறத்தில் அளவெடுத்து வெட்டின பொடிக் கல் பெரும்பாலும் உலையில் செய்ததாகத்தான் இருக்கும் என்றார் பாய். அப்போது அது புது நாகரிகம். ஒரே மாதிரி நீலம் வேண்டுமென்றால் பூமியில் தேடுவதைவிட உலையில் செய்வது சுலபம்.

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான்கு வருடம் பார்த்த கல், போலி எது அசல் எது என்று எனக்குத் தெரியாதா என்று கத்தினார். நான் டப்பாவை அவர் முன்னால் தள்ளினேன். போலியாக இருந்தால் அது நீலமே இல்லையே, அப்புறம் சனி எங்கிருந்து வருவார் என்றேன். வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாய், போலின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நாளைக்கே வர்றோம். போலியா இருக்கணும்னு துவா கேளுங்க பாய்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே இவர் மெர்லிமாவ் போய் ராஜம்மாவைக் கூட்டிவந்தார். முந்தின நாளே நான் ஃபோனில் சொல்லியிருந்தேன்: உங்கள் கண்ணாலேயே பாருங்கள், அசல் நீலமாக இருந்தால் அங்கிருந்தே நேராகப் போய் வேறு மோதிரம் எடுப்போம். அதற்காகத்தான் வந்தார். பாயின் கடைக்குள் நுழைந்ததும் டப்பாவுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஜும்ஆ தொழுகைக்குப் பன்னிரண்டரைக்குக் கடை மூட வேண்டும் என்று பாய் முதலிலேயே சொல்லிவிட்டார். இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷன் அடுத்த மாதம். கல் பார்க்கத் தெரிந்த மகள் நூருல் ஹுதா கோலாலம்பூரில் இருந்தாள். மேசைமேல் மைக்ரோஸ்கோப் உறை போட்டு நின்றது.

நான் பார்க்கிறேன் என்றேன்.

"இது சும்மா கண்ணாடி இல்ல தங்கச்சி. ஃபோகஸ் பண்ணத் தெரியணும்."

இவர் முந்திக்கொண்டு, என் மனைவி கோமளாவை யார் என்று நினைத்தீர்கள் பாய், இருபத்திரண்டு வருடம் அதற்குள் குடியிருந்தவள் என்றார். நான் உறையைக் கழற்றினேன். நாற்காலியை உயர்த்தி, கண்குழல்களின் இடைவெளியைச் சரிசெய்து, கையை மேசையில் ஊன்றினேன். வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனால் உடம்பு தானாகவே அப்படி உட்கார்ந்தது.

என்ன தேட வேண்டும் என்று பாய் சொல்லிக்கொடுத்தார். உலைக்கல் சொட்டுச் சொட்டாக உருகி விழுந்து, மெழுகு கட்டுவதுபோல வளர்வது. அதனால் அதற்குள் இருக்கும் நிறக்கோடுகள் வளைந்திருக்கும். பூமியில் பிறந்த கல்லில் கோடு நேராக ஓடும், திரும்பினால் முனையாகத் திரும்பும், ஒருபோதும் வளையாது. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பேபி ஆயில் ஊற்றி மோதிரத்தைக் கவிழ்த்து வைத்தார். அடியில் வெள்ளை விளக்கு. எண்ணெய்க்குள் கல்லின் பளபளப்பு அடங்கி உள்ளே இருப்பது தெரியும்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. நீலம், நீலம், வெறும் நீலம். இவர் என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். நடக்காதீர்கள், மேசை ஆடுகிறது என்று சொன்னேன். விளக்கைக் கொஞ்சம் குறைத்து, ஃபோகஸை முடியளவு கீழே இறக்கினேன்.

தெரிந்தது. மெல்லிய, ஒரே அளவான வளைவுகள், ஒன்றன்பின் ஒன்றாக. எதுவும் சொல்லாமல் எழுந்து ராஜம்மாவைக் கூப்பிட்டேன். நான் சொன்னால் அது என் வார்த்தை. அவர் பார்க்க வேண்டும்.

வர மனமில்லாமல் வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், இரண்டு கண்ணையும் திறக்கச் சொன்னேன். நெடுநேரம் அசையவே இல்லை.

"வாசல்ல ஈர்க்குச்சி லீடி வெளக்குமாறு போட்டு இழுத்த மாதிரி இருக்கு," என்றார். "மணல்ல வரி வரியா வளைஞ்சு."

பாய் மேசையைத் தட்டினார். இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை என்றார். அப்படிக் கோடு இருந்தால் அது மண்ணில் பிறந்ததில்லையா என்று ராஜம்மா திரும்பத் திரும்ப மூன்று முறை கேட்டார். இல்லை, மனிதன் உலையில் செய்தது என்று பாய் மூன்று முறையும் சொன்னார். ராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவருக்குக் கால் தரையில் இல்லை. போலி போலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. ராஜம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் மறுபடி உட்கார்ந்தேன். தட்டில் ஒன்று நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறவள் தொழிற்சாலையில் ஒரு வாரம் தாங்கமாட்டாள். மோதிரத்தின் உள்பக்கத்தில் கீறியிருந்த எண்ணை அடையாளம் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று கல்லாகத் திருப்பினேன். இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு. ஆறுவரை பெருக்கிய வாசல்தான்.

ஏழாவதில் கோடுகள் நேராக இருந்தன. நேராக ஓடி, ஒரு மூலையில் முனையாகத் திரும்பின. நடுவே ஊசி ஊசியாக ஏதோ மின்னியது. விளக்கை மாற்றிப் பார்த்தேன், ஃபோகஸை மாற்றிப் பார்த்தேன். மிச்சம் ஒன்பதையும் பார்த்தேன், எல்லாம் வளைவு. திரும்ப ஏழுக்கு வந்தேன். மாறவில்லை. எப்போதோ யாரோ ஒரு கல் விழுந்துவிட, பழுது பார்த்தவர் கையில் கிடைத்த அசல் நீலத்தை வைத்திருக்கிறார்.

நிமிர்ந்தேன். என் முகத்தைப் பார்த்தே இவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து காதுக்குள், கடுகளவுக் கல், யாருக்குத் தெரியும் என்றார். பாய்க்கோ கண் தெரியவில்லை. ராஜம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் இவர் கால் என் காலை மிதித்தது. எனக்குத் திலகா காடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வந்தது. பயப்படாமல் பார்க்க வேண்டும் என்றாள். ஏமாந்து பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

"சம்பந்தி, கொஞ்சம் இருங்க. ஏழாவது கல்லு அசல்."

வெளியே பள்ளிவாசலுக்குப் போகிறவர்களின் மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ராஜம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை டப்பாவுக்குப் பக்கத்தில்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

ஆமாம் என்றேன்.

அவர் பாயின் பக்கம் திரும்பினார். "அதை மட்டும் புடுங்கிட்டு, ஒரு போலிக் கல்லு வெக்க முடியுமா பாய்?"

பாய் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் பார்த்தார். ஐம்பது வருடமாக இந்தக் கடையில் போலியை எடுத்துவிட்டு அசல் வைக்கச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறாராம்.

"அசலை எடுத்துட்டுப் போலி வைன்னு வந்து நிக்கிற முதல் குடும்பம் நீங்கதான் லா."

பாய் சிரித்தார், இவர் சிரித்தார், கடைசியில் ராஜம்மாவும் சிரித்துவிட்டார். நாங்கள் சிரிப்பை நிறுத்துவதற்குள் பாய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என் முன்னால் கவிழ்த்தார். அவர் அப்பா காலத்து உலைக் கற்கள், எந்த மோதிரத்துக்கும் பொருந்தாமல் ஒதுங்கிக் கிடந்தவை. தொழுதுவிட்டு வருவதற்குள் தேடிவைக்கச் சொல்லி, எங்களை உள்ளே வைத்தே கம்பிக்கதவை இழுத்துவிட்டுப் போனார். இரண்டு மணி நேரம் ராஜம்மா நிறம் பார்த்துப் பொறுக்கிக்கொடுக்க, நான் கோடு பார்த்தேன். இவர் அளவுகோலை வைத்து அகலம் பார்த்தார். பாய் திரும்பி வந்தபோது மூன்று கற்கள் தேறியிருந்தன.

அன்று மாலையே டுரியான் துங்காலில் வசந்தன் என்ற பத்தரிடம் ஓடினோம். வீட்டிலேயே வேலை செய்பவர், சின்னக் கல் பதிப்பதில் கைராசிக்காரர் என்று பாய் அனுப்பினார். மோதிரத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். பதினாறு கல்லும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன; ஒன்றைத் தள்ளினால் பக்கத்துக் கல்லும் வரலாம், ஓர விளிம்பு நசுங்கலாம் என்றார். ஞாயிறு காலை பத்தரைக்கு நிச்சயம் என்றோம். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எங்களை நாளைக்கு வரச் சொன்னார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே அவர் வீட்டு வாசலில் நின்றோம். எங்களைத் தூரத்தில் உட்காரவைத்தார். அடிப்பக்கம் இருந்த திறப்பின் இடுக்கு வழியாக ஊசியை விட்டு, மேலே ஒரு தட்டு. ஏழாவது கல் துள்ளி அவர் மடியில் இருந்த துணியில் விழுந்தது. பக்கத்துக் கற்கள் அசையவில்லை. இவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. நாங்கள் கொண்டுபோன மூன்றில் முதல் கல்லை இழைத்தபோது முனை உடைந்தது. இரண்டாவது, கல் உட்காரும் குழிக்குள் போகாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. மேலும் இழைத்தார், அதிகம் போய்விட்டது, ஆடியது. கடைசிக் கல்லைக் கையில் எடுக்கும் முன் வசந்தன் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். இழைப்பது, வைத்துப் பார்ப்பது, எடுப்பது, மறுபடி ஒரு தேய்ப்பு என்று பன்னிரண்டு மணிவரை போனது. பிறகு டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பதினாறும் ஒரே நீலம், எது புதிது என்று அவருக்கே தெரியவில்லை.

எடுத்த அசல் கல்லை வைத்துக்கொள்ள எங்களுக்கும் மனம் வரவில்லை. பாய் வாங்கி ஒரு வெள்ளி மோதிரத்தில் பதித்துப் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் போட்டிருக்கிறார். கண் ஆபரேஷன் நன்றாக முடிந்து, கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. இவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லோரும் போன பிறகு ராஜம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ஒரு கல் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பாய் சுகமாக இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அவர் வெகுநேரம் என் கையை விடவில்லை. அதற்குப் பிறகு நீலத்தைப் பற்றி எங்களுக்குள் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மெர்லிமாவ் கோயில் மண்டபம். பதினொரு தட்டும் வரிசையாகப் போனது. தாவூது பாய் வெள்ளைத் தொப்பியும் பாத்தேக் சட்டையுமாகக் காடியிலிருந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய சாமான், துண்டு போட்டு மூடியிருந்தது. மைக்ரோஸ்கோப். முந்தின நாள் ராஜம்மா கேட்டிருந்தார், மோதிரம் போடும் முன் அந்த ஏழாவதை ஒரு தடவை பார்க்கலாமா என்று. பாய் அதைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைக்கவும், பெண் வீட்டு அத்தை ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டில் மாவு அரைக்கிற மெஷினெல்லாம் வைக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டாராம்.

இவர் பட்டு வேட்டியில் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். "பதினாறும் போலி. ஒண்ணுகூட அசல் இல்ல. கோமளாவே செக் பண்ணிட்டா." கேட்டவர்களில் பாதிப் பேர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இவருக்காக வருத்தப்பட்டார்கள். ஒருவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். இவர் அதையும் பெருமையாக வாங்கிக்கொண்டார்.

நேரம் வந்தது. தினேஷும் திலகாவும் மணையில் உட்கார்ந்தார்கள். தட்டு வாங்குவதெல்லாம் திலகாவின் மாமனும் அவர் மனைவியும்தான். ராஜம்மா கடைசித் தூணுக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் நின்றார். அப்படி நிற்க அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே போய் நின்றுகொண்டார். அந்தத் தூணின் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று தெரியாது.

நான் மோதிர டப்பாவை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். நீங்கள் பார்க்காமல் போட மாட்டோம் என்றேன். வேண்டாம், இங்கேயே கொண்டுவாருங்கள் என்றார். மைக்ரோஸ்கோப் முன்னால்தான் இருக்கிறது, தூக்கிவர முடியாது என்றேன். இவர் அங்கிருந்தே, நல்ல நேரம் போகிறது சம்பந்தி, சீக்கிரம் வாங்க என்று குரல் கொடுத்தார். நாதஸ்வரக்காரர்கூட வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ராஜம்மா மண்டபத்தின் முன்வரிசைவரை வந்து, மணையின் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாய் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தார். நான் மோதிரத்தைக் கவிழ்த்து ஏழாவதைக் கண்ணுக்கு நேராகத் திருப்பினேன். ராஜம்மா இரண்டு கண்ணையும் திறந்து குனிந்தார். திலகா அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தினேஷின் சட்டையைப் பிடித்திருந்தது.

ராஜம்மா அவசரப்படவில்லை. ஏழைப் பார்த்தார். பிறகு என்னை ஆறுக்குத் திருப்பச் சொன்னார், எட்டுக்குத் திருப்பச் சொன்னார், மறுபடி ஏழுக்கு. கடைசியில் மோதிரத்தைத் தானே எண்ணெயிலிருந்து எடுத்து, புதுச் சேலையின் முந்தானையால் துடைத்தார். அதைத் தொட்டது அப்போதுதான் முதல் தடவை. உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு தினேஷிடம் நீட்டினார்.

"வாசல் பெருக்கியிருக்கு," என்றார். "போடுப்பா."